நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

நூற்றைம்பது ரூபாய்தான் மக்களே.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
நடுவில் எட்டுப் பக்கம் படம்,
அட்டையில் நம்ம ததேயு கிளப்பின் பச்சை ஜெர்சி.
மார்த்தாண்டத்து அச்சகத்தில் மை கூடிப்போய்
கொஞ்சம் பாசி நிறம்.
பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதியது நான்தான், பெலார்மின்,
ஐஸ் பிளான்ட்டில் கணக்கெழுதுகிறவன்.
கட்டிக்கணக்கு நோட்டின் பின்பக்கங்களில்
பதினோரு வருஷம் கோல்களைக் குறித்தேன்.
ஐஸ் உருகும், ஆகவே இந்தப் புத்தகம் என்று
முன்னுரையில் ஒரு வரி இருந்தது.
அச்சகத்துப் பையன் சிரித்தான்.
எடுத்துவிட்டேன்.

இடைவேளை பத்து நிமிஷம்.
கொடிமரத்தடியில் பெஞ்சு போட்டிருக்கிறேன்.
மைக் தந்த செயலாளருக்கு நன்றி,
அவர் இன்னும் வாங்கவில்லை.

கிழிந்த கரமடி வலையைக் கோல் போஸ்டில் கட்டியதும்
வலைக்காரர் ஆட்டத்தின் நடுவில் வந்து
அவிழ்த்துக்கொண்டு போனதும் இதில் உண்டு.
கடலுக்குப் போன பந்தை நீந்தி எடுத்துவர
பன்னிரண்டாவதாய் ஒருவன் எப்போதும்
அணியில் இருந்தான். அவன் பெயரும் உண்டு.

ஒருவர் கடைசிப் பக்கத்தைப் பிரித்து
பெயர் வரிசையில் விரலை ஓட்டினார்.
"எண்பத்தொன்பதுல நான் இறங்கினேனே?"
வார்ம்-அப்புக்கு அண்ணா, வார்ம்-அப்புக்கு.
புத்தகம் பெஞ்சுக்குத் திரும்பியது.
ஒரு பெண் தன் அப்பா நிற்கும் படத்தைப்
போனில் படம்பிடித்துக்கொண்டு
நல்லாயிருக்கு என்று சொல்லிப் போனாள்.

பிறகு, தார் நிறம் மாறும் இடத்துக்கு
அந்தப் பக்கத்திலிருந்து
பொழிக்கர பிரதர்ஸின் பழைய கோலி பத்ரோஸ் வந்தார்.
தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது.
"நூத்தி நாப்பத்தி மூணு எடும் வேய்.
என்னமோ எழுதியிருக்கேராமே.
வாசியும்."

வாசித்தேன்.

'தொண்ணூற்று நான்கு, மாதா கோப்பை இறுதிக்களி.
எண்பத்தெட்டாம் நிமிஷம்
கஸ்பார் தலையால் அடித்ததாய் ஊர் சொல்லும்.
தலை அல்ல, இடது கை.
ஆறடி தள்ளி லைனில் நின்றவன் நான்.
கொடி என் கையில் இருந்தது.
தூக்கவில்லை.'

மைக்கை அணைக்க மறந்திருந்தேன்.

மைதானம் முழுக்கக் கேட்ட அந்த வரிக்குப் பின்
அலைச்சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
"லேய் பெலார்மினே" என்று எங்கிருந்தோ ஒரு குரல்,
கூடவே ஒரு தண்ணீர்ப் பாக்கெட்,
என் காதை உரசிப்போய்
ஜெர்சியின் பாசி நிறத்தில் உடைந்தது.
மூன்றாம் வரிசையில் கஸ்பார்
இடது கையை மெல்ல
லுங்கி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

பத்ரோஸ் சிரிக்கவில்லை. கோபப்படவுமில்லை.
"அவனுக்க தலை வலப்பக்கம் திரும்பிச்சு.
நானும் வலப்பக்கம் சாடினேன்.
பந்து இடப்பக்கம் போச்சு.
முப்பது வருஷமா
எனக்கக் கண்ணுலதான் என்னமோ கோளாறுண்ணு
நெனச்சுட்டு இருந்தேன் வேய்."

அப்புறம் சட்டைப்பையிலிருந்து
மடித்த நோட்டுகளை எண்ணினார்.
"மூணு தாரும்.
ஒண்ணு எனக்கு.
ஒண்ணு எங்க கோச்சுக்க மகனுக்கு,
அவரு சாவும்வரைக்கும் என்னைத் திட்டினாரு."

மூணாவது?

"கஸ்பாரிட்ட ஒப்பு வாங்கணும்."

எந்தக் கையால் என்று நான் கேட்கவில்லை.

விசில் அடித்துவிட்டார்கள்.
மைக்கைக் கேட்கிறார்கள், கொடுத்துவிடுகிறேன்.
மீதிப் பிரதிகள் தெர்மகோல் பெட்டியில் இருக்கின்றன,
சூரை மீன் வாடை லேசாய் அடிக்கும்.
ஈர மணலில் உட்காரவென்று யாரும் கேட்காதீர்கள்,
அதற்கு விற்கமாட்டேன்.
நூற்றைம்பது ரூபாய்.
பொழிக்கரக்காரர்களுக்கு நூற்று இருபது.